பாஸ்கல் தலைமாட்டுத் தேனீக்கள்

ஐவி அண்ணனைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகுப் புண்ணில் ஒட்டிக்கொண்ட துணியை உப்புத் தண்ணீரால் நனைத்து உரித்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில், பலகைச் சுவருக்குள், தேனீக்கள் இரைந்தன.

"அதுங்ககிட்ட வாடகை கேட்டியா?" என்றார் பாஸ்கல்.

"உங்க வாடகையே இன்னும் வரல. பேசாம கெடங்கண்ணே."

பாஸ்கல் ஒரு காலத்தில் மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அடிதடிக்குப் பேர்போனவர். ஒரு கங்காணியின் தாடையை ஒரே குத்தில் பெயர்த்தவர். ரப்பர் பால் லாரி கவிழ்ந்து கழுத்தெலும்பு நொறுங்கியபின் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. ஐவி தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா. பிரசவம், பாம்புக்கடி, பாராங் கத்தி வெட்டு எல்லாம் பார்த்தவள். எழுபதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறி ஆஸ்பத்திரியை மூடியதும், அண்ணனைத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் கிடத்திப் பார்த்துக்கொண்டாள். யாராவது அதைத் தியாகம் என்றால், "வேற யாரு பீ அள்ளுவா?" என்று கேட்பாள்.

புது முதலாளி ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை போட்டார். பொந்து இழந்த தேனீக்கள் லயத்துக்கு வந்தன. பாஸ்கல் தலைமாட்டில் இருந்தது இரட்டைப் பலகைச் சுவர். மறுபக்கம் அர்ச்சுனன் வீடு. வாசல் பக்க விரிசல் வழியாகத் தேனீக்கள் போய்வந்தன. செம்பனைக் குலை வெட்டும் அர்ச்சுனனைக் கண்ணிமையில் கொட்டியதில் ஒரு கண் மூடிக்கொண்டது. வேலைக்குப் போக முடியாத ஆத்திரத்தோடு ஐவி வாசலில் நின்றான்.

"பந்தம் கட்டி வச்சிருக்கேன் அக்கா. கொளுத்திட்டுப் போயிருவேன்."

"கொளுத்துனா அம்புட்டும் எங்கண்ணன் மூஞ்சியிலதான் வந்து விழும். அவரால ஒரு ஈய ஓட்ட முடியாது, செத்துருவாரு. பொழுது சாயட்டும், உசுரோட எடுத்துர்றேன். பொறுலா."

அது வெறும் பேச்சில்லை. கை வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு காட்டுப் பூர்வகுடி ஒராங் அஸ்லிப் பெண், கூட்டைக் கலைக்காமல் பிரிக்கும் விதத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்திருந்தாள். ஆனால் பாஸ்கலைத் தூக்கி வெளியே போட நாலு ஆள் வேண்டும். குலை வெட்டுக்குப் போனவர்கள் மாலையில்தான் வருவார்கள்.

அதற்குள் அர்ச்சுனன் பெண்சாதி நல்லம்மாள் ஒரு காரியம் செய்தாள். தேனீயாய் வீடு தேடி வந்த மகாலட்சுமியை வெறுங்கையோடு அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று, கனிந்த வாழைப்பழத்தைச் சர்க்கரையோடு பிசைந்து பஞ்சாமிர்தமாக்கி, விரிசலைச் சுற்றி வழித்துப் பூசிக் கும்பிட்டாள். தேனீ கொட்டும்போது கிளம்பும் வாடையும் கனிந்த வாழைப்பழ வாடையும் ஏறக்குறைய ஒன்று. அந்த வாடை பட்டால் கூட்டம் சண்டைக்குக் கிளம்பிவிடும்.

கிளம்பியது. முதல் கொட்டு நல்லம்மாளின் உதட்டில். அவள் தலையிலடித்துக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினாள். பெண்சாதி அலறியதைக் கேட்ட அர்ச்சுனன் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு வந்து சுவரை ஓங்கி உதைத்தான். உள்பக்கப் பலகை விலகியது. இடுக்கு வழியே தேனீக்கள் பாஸ்கல் முகத்தில் இறங்கின.

அவர் கத்தவில்லை, வாய் திறந்தால் உள்ளே போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஐவி கம்பளியை வாளித் தண்ணீரில் முக்கி அவர்மேல் போட்டு, மூக்குக்கு மட்டும் வழிவிட்டு, வாளியோடு வெளியே பாய்ந்தாள். பந்தம் பலகையைத் தொடப்போனது. அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் தள்ளிய வேகத்தில் நிலைப்படியில் முகம் மோதி உதடு கிழிந்தது. எழுந்து, மிச்சத் தண்ணீரைப் பந்தத்தின்மேல் ஊற்றி, காலி வாளியால் அவன் மணிக்கட்டில் அடித்தாள். இரண்டாவது அடி தேவைப்படவில்லை. கழுத்தெல்லாம் தேனீ மொய்க்க அவன் சாக்கடைக்குள் விழுந்து உருண்டான்.

ஐவி தேங்காய் மட்டையைச் சட்டியில் புகையவிட்டு விரிசலில் வைத்தாள். புகைக்குள் நின்றபடி பஞ்சாமிர்தத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு உள்ளே போய், அண்ணன் முகத்தில் தைத்திருந்த கொடுக்குகளைக் கத்தி முதுகால் வழித்தாள். விரலால் கிள்ளினால் மிச்ச விஷமும் உள்ளே இறங்கிவிடும்.

"எத்தன?"

"எண்ணுறதுக்கா வந்தேன்? மூச்சு ஒழுங்கா வருதா, அதச் சொல்லுங்க."

"வருது. அந்தப் பயல அடிச்சியா?"

"அடிச்சேன்."

"நல்லா விழுந்துச்சா?"

"வாய மூடுங்க."

சாயங்காலம் நாலு பேர் பாஸ்கலைக் கட்டிலோடு தூக்கி, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையில் வைத்தார்கள். ஐவி கொசுவலையைத் தலையில் போட்டுக்கொண்டு பலகையைப் பெயர்த்தாள். குஞ்சு இருந்த அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புண்ணுக்குக் கட்டும் துணிக் கீற்றால் குச்சியில் கட்டி, பால் டின் வந்த மரப்பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கவிட்டாள். மூன்றாவது அடையில் ராணி. அதைத் துளை போட்ட பவுடர் டின்னில் பிடித்துப் பெட்டிக்குள் வைத்ததும், சுவரில் அப்பிக்கிடந்த கூட்டம் நடந்தே உள்ளே போனது. அர்ச்சுனன் தூரத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான், கிட்டே வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து, இன்னும் வெட்டப்படாத ரப்பர் காட்டில் ஒரு மரத்தடிக்குக் கொண்டுபோய்க் கல்மேல் ஏற்றினாள். ராணியைத் திறந்துவிட்டு, தேனீக்கள் காலில் மஞ்சள் மகரந்தத்தோடு திரும்பும்வரை நின்றாள். வீட்டுக்கு வந்து சுவரைச் சுரண்டிக் கழுவி, இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்துப் பலகையை அறைந்தாள். ஆட்கள் பாஸ்கலைக் கொண்டுவந்து போட்டார்கள். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"மூஞ்சி மட்டுந்தான். கீழ எத்தன கொட்டுச்சோ, யாருக்குத் தெரியும்."

அவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். மார்பில் இரண்டு, தொடையில் ஒன்று. அவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, அவரை மறுபக்கம் புரட்டி, புண்ணுக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.