எஞ்சின் பின்னால் இருந்தது

போன மாசி மாதம், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற மலை ரயிலில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அதற்காக இதை இன்னொருத்தரிடம் சொல்லி எழுதி வாங்க எனக்கு மனசில்லை. எத்தனை நாள் ஆனால் என்ன என்று நானே உட்கார்ந்து எழுதினேன். மருமகள் பிழையை மட்டும் திருத்தினாள்.

எங்கள் வீடு திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம். என் வீட்டுக்காரர் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டராக இருந்தவர். அவர் வேலை பார்த்த ஷெட்டிலேயே நானும் மெஷினுக்கு நூல் சுற்றின கோன் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஷெட்டில் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காது கேட்காது. அதனால் எல்லாப் பேச்சும் கையால்தான். முஷ்டியைத் தலைக்கு மேலே தூக்கினால் மெஷினை நிறுத்து என்று அர்த்தம். சுண்டு விரலை ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டை விரலை வாய்க்குக் கொண்டு போனால் டீ வந்துவிட்டது. என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவர் கேட்டதும் அந்த ஷெட்டின் ஒரு மூலையிலிருந்து கையால்தான். எப்படிக் கேட்டார் என்பதை இங்கே எழுத முடியாது.

அப்படிப்பட்ட மனுஷருக்கு பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவர் 'த' என்று ஆரம்பித்தாலே தண்ணீர் சொம்பை நீட்டிவிடுவேன். குளிக்க வைப்பது, சோறு ஊட்டுவது, கையைப் பிடித்து நடத்துவது எல்லாமே நான்தான். மகன் ஒரு ஆளை வேலைக்கு வைக்கலாம் என்றான். என் உடம்பில் தெம்பு இருக்கிற வரைக்கும் என் புருஷனை வேறொரு கை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சொந்தபந்தமெல்லாம் என்னைப் பெருமையாகத்தான் பேசியது. எனக்கும் அந்தப் பெருமை பிடித்திருந்தது.

ஆனால் அவர் போகப் போகச் சுருங்கிக்கொண்டே வந்தார். பயிற்சி சொல்லித்தர வரும் பெண்ணிடம் மாட்டேன் என்று தலையாட்டினார். விழுந்த கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவராக முயற்சி பண்ணாவிட்டால் கால் மடங்காமல் இறுகிப்போகும், அப்புறம் படுக்கையை விட்டு எழுப்புவது கஷ்டம் என்றார். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், சாமிக்கு முடிந்து வைத்தேன். அவர் சுவரை விட்டுத் திரும்பவில்லை.

ஒரு நாள் மருமகள் தன் போனில் மலை ரயில் படத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் பல்சக்கரம் சுற்றுவதைக் காட்டினார்கள் போலிருக்கிறது. சுவர்ப் பக்கமிருந்து, "இன்... இன்னொருக்கா" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கிறார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

மகன் சம்மதிக்கவில்லை.

"ஏம்மா, எனக்கு ஷிப்மெண்ட் இருக்குதுங்க. நா இல்லாம அப்பாவ எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

"நீ எதுக்கு கண்ணு? உன்ன நம்பியா நா அவரக் கட்டிக்கிட்டேன்?"

டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்தான். வாடகைக் காரில் விடியும் முன்பே கிளம்பினோம். டிரைவர் எங்களை மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏற்றிவிட்டு, ரோட்டு வழியாக வந்து குன்னூரில் காத்திருப்பதாக ஏற்பாடு. மேட்டுப்பாளையத்தில் டிரைவரும் இன்னொருவரும் அவரை அக்குளில் கை கொடுத்து நூல் மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அப்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வேறு கை படவிட்டோமே என்று எனக்கு வேதனை. அவருடைய வேதனை வேறு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது கடைசிப் பெட்டி. எதிர் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கழுத்தில் சிலுவை போட்ட செயின். வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் டெய்லராம். கூட வேலை பார்க்கிறவர்கள் முன் பெட்டியில் இருக்கிறார்களாம், இவளுக்கு மட்டும் இடம் தள்ளிக் கிடைத்ததாம். வாய் ஓயாத பெண். ரயில் கிளம்பியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, முன்னால எஞ்சினையே காணல? வண்டி எதுல ஓடுது?"

"அவருக்குப் பேச வராது கண்ணு. எஞ்சின் இந்தப் பெட்டிக்குப் பின்னால இருக்குதுன்னு சொன்னாங்க," என்றேன் நான்.

"நா அண்ணாச்சியல்லா கேட்டேன். நீங்க பதில் சொல்லுதீயளே?"

எனக்குச் சுருக்கென்றது. யாரோ முன்பின் தெரியாதவள் என்னை இப்படிக் கேட்பதா? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். பதில் வரட்டும் என்று காத்திருந்தாள். நான் ஒரு நாளும் காத்திருக்காத நேரம் அது.

"பின்... பின்னால," என்றார் அவர். "தள்... ளுது."

"ஏன், முன்னால நின்னு இழுத்தா என்னவாம்?"

அவர் யோசித்தார். வார்த்தை வரவில்லை. கல்லாறு தாண்டி மலை ஆரம்பிக்கிற இடம் அது. அடியில் ஏதோ ஒன்று கவ்வியதுபோல ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி, கடகடவென்று வேறு சத்தம் போட ஆரம்பித்தது. அவர் முகம் மலர்ந்தது. துண்டை விலக்கினார். இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்த வலது கையை இடது கையால் எடுத்துத் தொடை மேல் வைத்தார். அதன் விரல்களை ஒவ்வொன்றாக இடம் விட்டு விரித்து வைத்தார். அது தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்துப் பதித்திருக்கிற இரும்புச் சட்டம். பிறகு இடது கை விரல்களை அந்த இடுக்குகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் குத்திக் குத்தி மேலே ஏற்றிக்கொண்டு போனார். அது எஞ்சினின் பல்சக்கரம்.

"பல்லு... பல்லக் கவ்வும்," என்றார். "வழுக்... காது. பின்னால நின்னா... வண்டி... வுழுந்தாலும்... அது தாங்கும்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனை காலமாயிற்று!

"ஆத்தாடி, வாத்தியாரு கெட்டாரு போங்க!" என்றாள் அவள். "அப்ப முன்னால பாதை எப்படித் தெரியும் டிரைவருக்கு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். பெட்டிக்குப் பெட்டி முன்னால் ஒரு ரயில்வேக்காரர் கொடியோடு நின்றுகொண்டிருந்தார். அவர்கள் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அதைப் பார்த்து எஞ்சின் தள்ளுகிறது. கொடியையும் கையையும் காட்டி வேலை நடக்கிறது என்பதில் அவருக்கு ஒரே குஷி. ஷெட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ரயில் சைக்கிளை விட மெதுவாகப் போனது. குகைக்குள் நுழையும்போதெல்லாம் ஜனங்கள் ஹோவென்று கத்தினார்கள். பாதி வழியில் காட்டுக்குள் ஒரு குட்டி ஸ்டேஷனில் நின்றது. எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற இடம். எல்லோரும் டீக்கு இறங்கினார்கள்.

"எறங்... கோணும்," என்றார் அவர்.

"வேண்டாமுங்க. ஏற முடியாதுங்க."

"எறங்கோணும்."

தூத்துக்குடிக்காரி எழுந்து, "வாங்கக்கா, ஆளுக்கொரு கை பிடிப்போம்" என்றாள். நீ உட்காரு கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளைத் தடுத்துவிட்டேன். நான் முதலில் இறங்கி, அவரை என் தோளில் சாய்த்துச் சறுக்கின மாதிரி இறக்கினேன். கடைசிப் பெட்டியாக இருந்ததால் எஞ்சின் பக்கத்திலேயே நின்றது. கைத்தடியை ஊன்றிப் போய் அதன் முன்னால் நின்றார். எண்ணெயும் ஆவியுமாக அனல் அடித்தது. கோயிலில் நிற்பதுபோல நின்றார். குனிந்து சக்கரத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "அம்மிணி, பாரு" என்று ஒரே மூச்சில், திக்காமல் சொன்னார். எனக்கு அங்கே கருப்பு இரும்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

அதற்குள் எஞ்சின் கூவிவிட்டது. ஜனங்கள் ஓடிப்போய் ஏறினார்கள். நான் அவரைப் பெட்டி வாசலுக்குக் கூட்டி வந்து, எப்போதும் வீட்டுப் படியில் செய்கிறபடி நான் முன்னால் ஏறி நின்று அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தேன். ரயில் படி வீட்டுப் படியைவிட உயரம். அவர் முழங்கால் படியில் இடித்தது. இன்னும் பலமாக இழுத்தேன். அவர் உடம்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு கீழே சரியப் பார்த்தது. பெட்டியிலிருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். இரண்டு பேர் உதவிக்கு எழுந்தார்கள். "யாரும் தொடாதீங்க, எனக்குத் தெரியும்!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஆவியை விட்டது. உஸ்ஸென்று காதைப் பிளக்கிற சத்தம். நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. அவர் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இந்த இடத்தில் இவர் விழுந்துவிட்டால் இனி வாழ்நாள் முழுக்க அந்தச் சுவரைத்தான் பார்ப்பார் என்று பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மறுபடியும் இழுத்தேன்.

அப்போது அவர் தோளைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டு, கம்பியைப் பிடித்திருந்த இடது கையை எடுத்தார். முஷ்டியை என் முகத்துக்கு நேரே இறுக்கிக் காட்டினார். பிறகு அந்த விரல்களை மெதுவாக, மெதுவாக விரித்தார்.

ஷெட்டில் அவர் ஆயிரம் தடவை காட்டின சைகை அது. நிட்டிங் மெஷினில் மேலே பின்னி வருகிற துணியைக் கீழே உருளை இழுத்துச் சுருட்டும். அந்த இழுவை அதிகமாகிவிட்டால் துணியில் ஓட்டை விழும். நூலும் நல்ல நூல்தான், ஊசியும் நல்ல ஊசிதான், இழுக்கிற இழுப்பு மட்டும் ஜாஸ்தி. ஷெட்டின் அந்தக் கோடியில் நிற்கிற ஆபரேட்டருக்கு இவர் இந்தக் கோடியிலிருந்து இப்படித்தான் காட்டுவார். இழுவையைத் தளர்த்து.

என் கை தானாக விட்டுவிட்டது.

அவர் கட்டை விரலால் தோளுக்குப் பின்னே காட்டினார். பின்னால் எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. நான் அவரை ஒட்டினாற்போலக் கீழே இறங்கி அவர் பின்னால் போய் நின்றேன். என் தோளை அவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்தேன். முன் பக்கம் கொடி பிடித்திருந்த ரயில்வேக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, அவரும் உள்ளங்கையைத் தாழ்த்தி, மெதுவாக, மெதுவாக என்று காட்டினார். பச்சைக் கொடியைச் சுருட்டி இடுப்போடு வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் இடது கையால் கம்பியைப் பிடித்தார். நல்ல காலைத் தூக்கிப் படியில் வைத்தார். மூச்சை இழுத்து ஓர் எக்கு எக்கினார். அந்த முதுகின் பாரம் என் தோளில் இறங்கி, பிறகு என் தோளை விட்டு மேலே போனதை நான் உணர்ந்தேன். விழுந்த காலும் பின்னாலேயே தடவிக்கொண்டு ஏறிவிட்டது. உள்ளே தூத்துக்குடிக்காரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள், ஆனால் அவரைத் தொடவில்லை. அவர் தானாகவே நடந்து போய் சீட்டில் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. கண் திறந்தே இருந்தது.

நான் கீழேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எக்கா, இப்பவாவது கையப் பிடிக்கலாமா? இல்ல, உங்களுக்கும் பின்னால ஆள் அனுப்பணுமா?" என்று நீட்டின கையை எடுக்காமலே கேட்டாள் அவள்.

பிடித்துக்கொண்டேன். பச்சைக் கொடி விரிந்தது.

குன்னூர் வரைக்கும் அவரும் அவளும்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம், அதற்கு இவர் வழி சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார், அவளும் ஒவ்வொரு வார்த்தைக்காகக் காத்திருந்து கேட்டாள். குன்னூரில் கார் டிரைவர் ஓடி வந்து அக்குளில் கை கொடுக்கப் போனார். "வேண்டாம் சாமி. நீ... முன்னால நில்லு, போதும்" என்றார் இவர்.

இப்போது பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்தால் அவரே காலை நீட்டுகிறார். வலது கை இன்னும் சரியாகவில்லை. ஆனால் துண்டுக்குள் ஒளிவதில்லை, எல்லோரும் பார்க்கத் தொடை மேல் கிடக்கிறது. தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறுகிறோம். அவர் பேசும்போது நான் முந்திக்கொண்டு முடித்துவைக்கப் பார்ப்பேன். என் குணம் எங்கே போகும்? உடனே முஷ்டியை இறுக்கிக் காட்டி விரல்களை மெதுவாக விரிப்பார், நான் வாயை மூடிக்கொள்வேன். மருமகளுக்கு இப்போது எங்கள் ஷெட்டுச் சைகையில் பாதி தெரியும், மீதியைச் சொல்லித்தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் ஏறும்போது நான் ஒரு படி கீழே நிற்கிறேன். பாரம் வந்தால் தாங்க என் தோள் தயாராக இருக்கிறது, ஆனால் பல நாள் அது வருவதே இல்லை, அப்படி வராத நாட்களில் அந்த முதுகு தானாக மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட இந்த வயதில் எனக்கு வேறு பெருமை தேவைப்படவில்லை.