ஐந்தேமுக்காலுக்கு அணையும் லைட்

1. பையில் வந்த மோடம்

உஷா டீச்சர் மோடத்தை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இதை நீங்களே வச்சுக்கிடுங்க. இன்னும் ஒரு தடவ கட்டாச்சுன்னா எனக்கு வேல போயிரும்."

நாகர்கோவிலில் இருந்து அஞ்சுகிராமம் போகும் ரோட்டில், வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் லைன் வேலை பார்த்தேன். போஸ்டில் ஏறுவதும் பழுது பார்ப்பதும்தான் வேலை என்றாலும், ஆள் குறையக் குறைய கவுண்டரிலும் நான்தான் உட்கார வேண்டியிருந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றைக்கு ஃபைபர் இழுக்கும் பிள்ளைகள் "பழைய லைன்ல என்ன பெருசா பிரச்சின வந்துரும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உஷா எம்.எஸ்ஸி. கணிதம். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு காலை ஏழரை பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டார். கணவர் கண்ணனுக்கு மணவாளக்குறிச்சியில் வேலை. அவர் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். அப்போதுதான் மஸ்கட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. முதல் மாதம் டிரையல். அந்த மாதத்தில் கிளாஸ் நடுவே மூன்று முறை லைன் கட்டானால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவார்கள். இரண்டு முறை ஏற்கனவே கட்டாகிவிட்டது. மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

வேலை போனால் மறுபடி ஏழரை பஸ். சின்னக் குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது.

எனக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. ஏனென்றால் அந்த நெட் கனெக்‌ஷனை வாங்கச் சொன்னதே நான்தான்.

2. நான் நடத்திய பாடம்

ஒரு மாதத்துக்கு முன்னால் இதே மேசைக்கு எதிரே நின்று, "அண்ணாச்சி, வீட்டுக்கு கேபிள் நெட் நல்லதா, டி.எஸ்.எல். நல்லதா?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், டீச்சருக்கே பாடம் எடுத்தேன்.

கேபிள் என்பது டி.வி.க்கு வரும் தடித்த வயர். அதில் வேகம் அதிகம். ஆனால் ஒரு தெருவுக்கு வரும் வேகத்தை அந்தத் தெருவே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். காலையில் பறக்கும், சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் நொண்டும். டி.எஸ்.எல். அப்படியில்லை. பழைய டெலிபோனுக்குப் போட்ட அதே இரண்டு செம்புக் கம்பிதான். எக்ஸ்சேஞ்சில் இருந்து உங்கள் வீடு வரை உங்களுக்கு மட்டும். வேகம் குறைவு, தூரம் கூடக்கூட இன்னும் குறையும். ஆனால் அதில் பங்காளி கிடையாது.

"கேபிள் ஊர்க்குளம் டீச்சரே. இது உங்க வீட்டுக் கெணறு" என்று முடித்தேன்.

உள்ளேயிருந்து எங்கள் ஆபீசர் எட்டிப் பார்த்து, "ஓய், நல்லாத்தான் பேசுகீரு" என்றார். அந்தப் பாராட்டு இரண்டு நாள் தலைக்குள் நின்றது.

லைன் கண்ணனுடைய அப்பா பேரில் இருந்தது. அவர் காலமாகி ஐந்து வருடம். சொத்து பிரித்தபோது தென்னந்தோப்பு விஷயத்தில் அண்ணன் தம்பிக்குள் முட்டிக்கொண்டு பேச்சு நின்றுபோனது. பழைய வீட்டின் முன்பகுதி அண்ணனுக்கு, கிழக்குப் பகுதி கண்ணனுக்கு, நடுவில் ஒரு மதில். டெலிபோன் லைன் கண்ணன் பங்குக்கு வந்தது. போன் கருவி எப்போதோ கெட்டு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எல்லோர் கையிலும்தான் மொபைல் இருக்கிறதே.

மோடத்தோடு ஸ்பிளிட்டர் என்று ஒரு சின்ன டப்பா வரும். ஒரே லைனில் போனும் நெட்டும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் பிரித்து வைப்பது அதன் வேலை. "போன்தான் இல்லியே, இது எதுக்கு?" என்று அதை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

3. மழைக்கு மணி தெரியுமா

மோடத்தைப் பைக்குள் மறுபடி வைத்து, நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். புது மோடம் மாட்டினேன். கட்டானது. போஸ்டில் ஏறி ஜாயின்டைப் பிரித்துத் துடைத்து மறுபடி முறுக்கினேன். கட்டானது. நல்லவேளை, இரண்டும் கிளாஸ் இல்லாத நேரம். வீட்டு இன்வெர்ட்டர் மேல் சந்தேகப்பட்டேன், ஃபேன் ரெகுலேட்டர் மேல் சந்தேகப்பட்டேன், கடைசியில் மழை மேல் பழியைப் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

உஷா ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். கணக்கு டீச்சர் இல்லையா, லைன் கட்டான நாள், நேரம், எத்தனை நிமிடம் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். நாட்கள் வேறு வேறு. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். ஆனால் நேரம் எல்லாம் ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில். பெரும்பாலும் ஐந்தேமுக்கால்.

"மழைக்கு மணி பாக்கத் தெரியுமா அண்ணாச்சி?" என்றார்.

"சாயங்கால நேரம் பாத்துக்கிடுங்க, லோடு…"

"சாயங்காலக் கூட்டம் கேபிளுக்குத்தானேன்னு நீங்கதான் சொன்னீங்க."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

பாக்கி இருந்தது ஒன்றுதான். போஸ்டில் இருந்து வரும் வயர் முதலில் அண்ணன் வீட்டுச் சுவரைத் தொட்டு, கூரைக்கடியில் ஓடி, பிறகு மதில் தாண்டி உஷா வீட்டுக்குள் வரும். அந்த இடத்தை நான் பார்க்கவில்லை. முதல் நாளே உஷா, "அந்தப் பக்கம் போகண்டாம் அண்ணாச்சி. அவங்ககூட பேச்சு இல்ல" என்று சொல்லியிருந்தார். எனக்கும் ஒரு ஏணி மிச்சம் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

4. வின்சென்ட்டின் ஏணி

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு, கிளாஸ் கிடையாது. அன்றைக்கு ஐந்தரை மணிக்கே உஷா வீட்டில் மோடத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உஷா நம்பிக்கை விட்டு, கேபிள்காரர் வின்சென்ட்டையும் வரச் சொல்லியிருந்தார். என் போட்டியாளர். நல்ல பையன், ஆனால் அப்போது அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

வின்சென்ட் ஒளிக்காமல் பேசினார். "டீச்சர், ஸ்பீடு தாரேன். ஆனா ஒண்ணு சொல்லணும். சிக்னல ஏத்தி விடுக எனக்க ஆம்ப்ளிஃபயர் உங்க வீட்டுக்காரருக்க அண்ணன் வீட்டுச் சுவர்லதான் இருக்கு. கரண்டும் அந்த வீட்டுல இருந்துதான். அதுக்குப் பதிலா அவங்களுக்கு டி.வி. ஃப்ரீ. அவங்க எங்கயாச்சும் கல்யாணத்துக்குப் போகும்போ மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுப் போயிருவாங்க. தெரு மொத்தமும் அவுட்டு. டி.வி.ன்னா திட்டிட்டு உறங்கிருவாங்க. உங்களுக்கு அப்படி முடியாதுல்லா."

சிக்னல் பார்த்து வருகிறேன் என்று மதிலுக்கு அந்தப் பக்கம் போய் ஏணியில் ஏறினார்.

ஐந்து நாற்பத்தி ஆறு. மோடத்தில் டி.எஸ்.எல். லைட் சிமிட்டியது, அணைந்தது.

அதே நொடியில் மதிலுக்கு மேலே வின்சென்ட்டின் தலை தெரிந்தது. "அண்ணாச்சி, உங்களுக்கு லைட்டு போச்சா? இங்க அடுக்களைக்குள்ள போன் அடிக்கு. பழைய லேண்ட்லைன் பெல்லு."

ஓடிப்போய் அவர் ஏணியில் ஏறினேன். கூரைக்கடியில் மூன்று கோட்டிங் சுண்ணாம்புக்கு உள்ளே ஒரு ஜாயின்ட். நகத்தால் சுரண்டினேன். மூன்று சுற்று முறுக்கி, நுனியை உள்பக்கமாக மடித்திருந்தது. என் முறுக்கு எனக்குத் தெரியாதா.

5. உப்பேரிக்குப் போட்ட பேரலல்

போன் பேசி முடித்துவிட்டு லெட்சுமி வெளியே வந்தார். கண்ணனின் அண்ணி, உஷாவுக்கு ஓரகத்தி. ஏணியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னவே பாக்கீரு? நீரு போட்டதுதானே. மறந்துட்டீரா?"

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். அப்போது லெட்சுமி கல்யாணமாகி வந்த புதுசு. வீட்டில் ஒரே போன், அதுவும் மாமனார் அறையில். மாமனார் எதிரே நின்று பெற்ற தாயிடம் ஒரு மருமகள் என்ன பேச முடியும்? "நல்லாருக்கேன்" என்பதைத் தவிர ஒன்றும் பேச முடியாது. நான் வேறு வேலையாகப் போனபோது லெட்சுமி அழாத குறையாகக் கேட்டார். ஒரு காபி, ஒரு தட்டு ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ். அதே லைனில் இருந்து அடுக்களையில் இன்னொரு போனுக்குக் கம்பி, பேரலல் என்போம், இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். முறைப்படி மனு வாங்க வேண்டும், எக்ஸ்சேஞ்சில் அந்த லைனுக்கென்று இருக்கும் லைன் கார்டில் எழுத வேண்டும். இரண்டும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் எங்களில் பாதிப்பேர் அப்படித்தான், யாரும் எழுதி வைப்பதில்லை. வீட்டைப் பிரித்தார்கள், தோப்பைப் பிரித்தார்கள், சுண்ணாம்புக்குள் இருந்த அந்தக் கம்பியை யாரும் பிரிக்கவில்லை.

"எனக்க மகன் தோஹாவுல ஓட்டல் கிச்சன்ல நிக்கான்" என்றார் லெட்சுமி. "மத்தியான வேல முடிஞ்சு ராத்திரி வேலைக்கு முன்ன கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்நேரம் கூப்பிடுவான். இந்த ஊட்டுக்குள்ள மொபைல் டவர் எடுக்கதில்ல, முற்றத்துல நின்னு கத்தணும். இதுல நல்லா கேக்கும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் உஷா எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. லெட்சுமியிடம் பேசவில்லை, என்னிடம்தான் சொன்னார். "எங்க லைன் அண்ணாச்சி அது. வெட்டி விடுங்க."

பிளையர் என் கையில்தான் இருந்தது. ஒரு நொடி வேலை.

லெட்சுமியும் என்னிடமே சொன்னார். "அவகிட்ட சொல்லும். ஒரு நாளும் ஒரு கால் நான் போட்டதில்ல. வந்தத மட்டும்தான் எடுத்தேன்."

அந்த லைனின் பில்லை மாதாமாதம் பார்ப்பவர் உஷாதான். வெளியே போன கால் எல்லாப் பில்லிலும் பூஜ்யம். வீட்டில் போன் இல்லை, அதனால் பூஜ்யம் என்று நினைத்திருந்தார்.

நான் குறுக்கே பேசினேன். "டீச்சரே, தப்பு லெட்சுமி மேல இல்ல, மனு வாங்காம போட்ட என் மேலதான். வெட்டாமலும் சரி பண்ணலாம். அந்த ஸ்பிளிட்டரை இந்த ஜாயின்ட்டுலயே வைக்கேன். ஒரு வழி அடுக்களை போனுக்கு, ஒரு வழி உங்க மோடத்துக்கு. ஆனா டப்பா இவங்க சுவர்ல இருக்கணும், போன் உங்க லைன்ல இருக்கணும். ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

"சுவர்ல அடிச்சுக்கிடும்" என்றார் லெட்சுமி.

உஷா, "இந்தத் தடவ மனு எழுதி வாங்கிட்டுப் போங்க. நான் கையெழுத்துப் போடுகேன்" என்றார்.

அட்டைப்பெட்டியில் கிடந்த ஸ்பிளிட்டரை எடுத்துவந்து மாட்டினேன். வின்சென்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மாட்டிக்கொண்டே, உஷாவின் சாயங்காலக் கிளாஸையும் இன்னொரு கட் விழுந்தால் வேலை போகும் என்பதையும் லெட்சுமியிடம் சொன்னேன். லெட்சுமியை ரிசீவரை எடுக்கச் சொல்லி, வைக்கச் சொல்லி, பத்து முறை பார்த்தோம். டி.எஸ்.எல். லைட் அசையவில்லை.

"இனி ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"நீரு முந்தியும் இப்பிடித்தான் சொன்னீரு" என்றார் லெட்சுமி.

6. புதன்கிழமை

டிரையலில் அதற்குப் பிறகு வந்த ஒரு கிளாஸ் நாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போய் முன்னறையில் உட்கார்ந்தேன். உஷா லேப்டாப்புக்கு முன்னால் பலகை வைத்து, ஒரு மஸ்கட் பையனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மதில் பக்க ஜன்னலை உஷா திறந்து வைத்திருந்தார். ஐந்தேமுக்காலுக்கு மதிலுக்கு அப்பால் பெல் அடித்தது.

உஷாவின் கை பலகையில் அப்படியே நின்றது. மோடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பச்சை லைட் அசையாமல் எரிந்தது. பெல் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. உஷாவுக்கு விளங்கிவிட்டது. கிளாஸ் நேரம் என்று லெட்சுமிக்குத் தெரியும். என் வார்த்தையை நம்பாமல், தோஹாவில் மகன் காத்து நிற்க, எடுக்காமல் பெல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

உஷா அந்தப் பையனிடம் இங்கிலீஷில் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"அக்கா! எடுங்க. கட்டாகாது."

ஐந்து வருடத்தில் அந்த மதிலைத் தாண்டிய முதல் பேச்சு. பெல் நின்றது. லைட் அப்படியே எரிந்தது. "மக்களே, சாப்பிட்டியா?" என்ற சத்தம் லேசாகக் கேட்டது. உஷா திரும்பி வந்து, விட்ட இடத்தில் இருந்து கணக்கைத் தொடர்ந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மோடத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அந்த மாதம் மூன்றாவது கட் விழவில்லை, வேலை உறுதியானது. அண்ணன் தம்பி இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ பேர், கேபிளா, டி.எஸ்.எல்லா, ஃபைபரா, எது நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். கிணறு, குளம் என்று நான் பாடம் நடத்தியதில்லை. அந்த வயர் யார் யார் வீட்டுச் சுவரைத் தொட்டு வருகிறது என்றுதான் முதலில் கேட்டேன். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு அந்தச் சுவர்களில் நானே ஏறிப் பார்த்தேன். பிள்ளைகளே, நீங்களும் ஏறிப் பாருங்கள், பார்த்ததை லைன் கார்டில் எழுதி வையுங்கள்.