ஓரத்தில் இருந்த பென்சில் குறிப்பு

பேரவைச் செயலகத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மிஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிறது பில் அக்காவின் மேசை. உறுப்பினர்களின் சம்பளம், படி, பயணச் செலவு, எல்லா பில்லும் அங்கிருந்துதான் கிளம்பும். இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலி. குஷன் மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். உறுப்பினர்கள் தோற்பார்கள், ஜெயிப்பார்கள், கட்சி மாறுவார்கள். அக்காவுக்கு அவர்கள் எல்லோரும் வங்கிக் கணக்கு எண்கள்.

ஏழு எண்களில் வம்பு வந்தது.

ஒரு மசோதாவை எதிர்த்து, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஏழு பேர் ஒன்பது நாள் அவைக்குள் போகாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மாதக் கடைசியில் அக்கா வழக்கம்போல எல்லோருக்கும் பில் போட்டு மேலே அனுப்பினார். கோப்பு திரும்பி வந்தபோது ஓரத்தில், பென்சிலில், துணைச் செயலரின் சாய்ந்த எழுத்து: ‘இந்த ஏழு பேருக்கு இப்போதைக்கு வேண்டாம்.’

அங்கே வேலை நடக்கும் விதம் அப்படி. மேலதிகாரி தான் விரும்புவதைப் பென்சிலில் எழுதுவார். கீழே இருப்பவர் அதையே தன் யோசனைபோலப் பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதன் அடியில் மேலதிகாரி ‘சரி’ என்று கிறுக்குவார். அப்புறம் பென்சிலை அழித்துவிட வேண்டும். இதற்கு உத்தரவு எதுவும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அக்கா பார்த்துப் பழகியது. ‘விளக்கம் கிடைக்கும்வரை நிறுத்தி வைக்கலாம்’ என்று எழுதினார். ‘சரி’ வந்ததும் ரப்பரை எடுத்து அழித்தார். தூளை ஊதிவிட்டார்.

ஐந்து மாதம் போனது. ஏழு பேரில் ஒருவர், முதல் தடவை ஜெயித்து வந்த தையல்காரம்மா. தேர்தலுக்குப் பிறகு கடையை மூடிவிட்டார். வாரத்துக்கு இரண்டு முறை மூன்று மாடி ஏறி வருவார்.

“என்ன அக்கா, இந்த மாசமாவது உண்டா?”

“மேல இருந்து வரலைங்க.”

“மேலன்னா, மொட்டை மாடியா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் உறுப்பினர் விடுதி அறையில் தையல் மிஷினை இறக்கி, ஆளுங்கட்சிக்காரர்களின் சட்டைகளுக்கே பட்டன் தைத்துக் கொடுப்பதாக லிஃப்ட்காரர் அக்காவிடம் சொன்னார்.

கடைசியில் ஏழு பேரும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வி: யார் உத்தரவில் நிறுத்தினீர்கள்? கோப்பில் யோசனை என்று இருந்தது அக்காவின் கையெழுத்து மட்டும்தான். அடியில் இருந்த ‘சரி’, அக்கா சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டதாகத்தான் காட்டும்.

துணைச் செயலர் கூப்பிட்டு, தட்டச்சு செய்த பிரமாணப் பத்திரத்தை நீட்டினார். விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு நானேதான் நிறுத்தச் சொன்னேன் என்று அக்கா ஒப்புக்கொள்கிற பத்திரம்.

“உக்காருங்கம்மா. கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா ஒரு மெமோவோட முடிஞ்சுடும். பென்ஷனுக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன்.”

“இதையும் பென்சில்லதான் எழுதித் தருவீங்களா சார்?”

அவர் எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

மேசைக்குத் திரும்பிய அக்கா, கோப்பை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அழுத்தி எழுதிய தடமாவது இருக்காதா? இல்லை. இவ்வளவு சுத்தமாக அழிக்கிற கை அந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று பேரெடுத்தவர்.

வீட்டில், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யும் கணவர், கழற்றிய மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஏழு மெம்பர் சம்பளத்தை நிறுத்தின மகராணி, நம்ம கரண்ட் பில்லையும் நிறுத்தக் கூடாதா?”

“விளையாடாதீங்க.”

“விளையாடல. கையெழுத்தைப் போட்டுட்டு வா. அவங்களுக்கு வக்கீல் இருக்கான். உனக்கு நான்தான் இருக்கேன். எனக்கு மோட்டார்தான் தெரியும்.”

“போட்டா, நானே செஞ்சதா ஆயிடும்.”

“நீதானே எழுதின?”

அக்கா எழுந்து போய்க் கை கழுவினார். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. பத்திரத்தையும் அவர் தொடவில்லை.

பத்திரம் வராததால், கோப்போடு அதில் கையெழுத்துப் போட்டவரும் நேரில் வரட்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிவு ஊழியரின் தவறு என்று அரசு வழக்கறிஞர் தொடங்கியதும், நீதிபதி கையைக் காட்டி அவரை நிறுத்தி, அக்காவைப் பார்த்தார்.

“யார் சொல்லி நிறுத்தினீங்க?”

“பென்சில்ல எழுதி வந்துது ஐயா. துணைச் செயலர் எழுத்து.”

“எங்க அது?”

“அழிச்சிட்டேன்.”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அழிக்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லலை. எப்பவும் அழிச்சிடுவோம்.”

“அப்ப நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம்?”

“இல்லைங்க ஐயா. ஆனா என்னைக் கையெழுத்துப் போடச் சொன்ன பத்திரத்துல இருக்கற மாதிரி நடக்கலை. அதனால கையெழுத்துப் போடலை.”

நான்கு வாரத்துக்குள் ஏழு பேருக்கும் பாக்கி முழுவதையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. யார் நிறுத்தச் சொன்னது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அதில் இருந்தது. கடைசிப் பத்தியில் இன்னொரு வரி: ஆவணத்தை அழித்ததாக ஊழியரே ஒப்புக்கொண்டிருப்பதால், அலுவலகம் உரிய நடவடிக்கை எடுக்கலாம்.

பாக்கி பில்லை அக்காதான் போட்டார். அது பாஸான அன்று சாயங்காலமே பணியிடை நீக்க உத்தரவு கைக்கு வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். இல்லையென்றால் வேலையும் போகும், பென்ஷனும் போகும். அழிப்பது அலுவலக வழக்கம்தான் என்று யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும். இருபது வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட்ட பயணப்படிப் பிரிவுக்காரரைத் தேடிப் போனார். “அக்கா, எனக்கு ரெண்டு பொண்ணு” என்றார் அவர். மற்ற இருவர் ஃபோனையே எடுக்கவில்லை.

பதினோராவது நாள் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். மோட்டார்களை ஒதுக்கி, கணவர் ஒரு நாற்காலி போட்டார்.

“நான் அவையில கேள்வி கேக்கப் போறேன் அக்கா. விட மாட்டேன்.”

“கேளுங்க. ஆனா அமைச்சர் படிக்கிற பதிலை எங்க செக்ஷன்தான் எழுதும். துணைச் செயலர் திருத்துவார்.”

அப்படியும் தையல்காரம்மா அங்கேயே தாள் வாங்கிக் கேள்வியை எழுதினார். எந்த வார்த்தை போட்டால் தள்ளுபடி ஆகாது என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். அது பட்டியலில் ஏறிப் பதில் வர இருபத்தொரு நாள் ஆகும். அக்காவுக்கு இருப்பது நான்கு நாள்.