முன்கண்ணாடிக்கு ஒரு போர்வை

குளிருக்குப் போர்த்துவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஜொகூரில் வெயிலுக்குப் போர்த்துகிறார்கள், அதுவும் வண்டிக்கு. செனாயில் நான் வேலை செய்யும் பட்டறை முற்றத்தில் எப்போதும் இரண்டு மூன்று மோட்டர்ஹோம்கள் நிற்கும். மெத்தை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு ஓடுகிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன்கண்ணாடிக்கு வெளிப்புறமாகப் போடும் உறையைத் தைப்பது என் பிழைப்பு. மேலே மினுங்கும் வெள்ளித்துணி, நடுவே பஞ்சு, அடியில் கறுப்பு. உள்ளே ஒரு திரையைத் தொங்கவிட்டால் போதாதா என்று வந்த புதிதில் புனிதா அக்காவிடம் கேட்டேன். துணி வெட்டும் மேசை அவருடையது. ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர்.

"வெயிலு கண்ணாடியத் தாண்டி உள்ள வந்திருச்சின்னா அப்புறம் ஒன்னும் செய்ய முடியாது தம்பி. வெளியவே நிப்பாட்டணும் லா," என்றார்.

அறந்தாங்கியில் நான் ஆட்டோவுக்கு டாப் தைத்தவன். ஆட்டோவுக்குக் கதவே கிடையாது. மழை வந்தால் படுதாவை இறக்குவோம், விட்டால் சுருட்டிக் கட்டுவோம். ஸ்டாண்டில் நிற்கிறவன் எவனும் உள்ளே தலையை நீட்டி ஊர்க்கதை பேசலாம். இங்கே நான் தைக்கும் உறைக்கு இரண்டு ஓரமும் நீண்ட மடிப்பு உண்டு. அதை முன்கதவுகளுக்குள் செருகிப் பூட்டிவிட்டால் வெளியே இருப்பவரால் உருவ முடியாது, உள்ளே இருப்பவரால் தள்ளவும் முடியாது. கழற்ற இரண்டு பேர் வேண்டும், பூட்டைத் திறக்க உள்ளே ஒருவர், இழுக்க வெளியே ஒருவர். தைத்து முடித்ததும் உச்சி வெயிலில் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து, வெளிச்சம் எங்கே கசிகிறது, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று நான் பார்க்க வேண்டும். எங்கள் சீன முதலாளி, தவுக்கே என்போம், போட்ட சட்டம் அது. என் பெர்மிட்டில் இந்தப் பட்டறையின் பெயர்தான் இருக்கிறது; வேறெங்கும் ஊசி பிடிக்க முடியாது. பாஸ்போர்ட் தவுக்கேயின் அலமாரியில். இன்னும் பதினான்கு மாதம்.

ஒருநாள் லாபிஸிலிருந்து வந்திருந்த வண்டிக்காரர், வயதான மலாய்க்காரர், பக்கக் கதவைத் திறந்துவிட்டார். நான் இருட்டில் இரண்டு கைகளையும் முகத்தருகே குவித்துக்கொண்டு உறையில் வெளிச்சம் கசியும் ஊசித்துளை தேடிக்கொண்டிருந்தேன். சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "மாஆஃப், மாஆஃப்" என்று மன்னிப்புக் கேட்டபடியே கதவை மெதுவாகச் சாத்தினார். அடுத்த முறை வரும்போது எனக்கென்று பொரித்த வாழைப்பழம் வாங்கி வந்தார். திருத்திச் சொல்ல என் மலாய் போதவில்லை. பக்திமானாக இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று தின்றுவிட்டேன்.

அந்த வண்டிக்குள்தான் என் பொய்யும் பிறந்தது. உள்விளக்கைப் போட்டிருந்த நேரம், என் மனைவி அமுதா வீடியோவில் அழைத்தாள். என் முதுகுக்குப் பின்னால் மெத்தை, குளிர்பெட்டி, தண்ணீர்க் குழாய்.

"ரூம் நல்லாத்தாங்க இருக்கு. நாந்தான் என்னமோ ஏதோன்னு பயந்து கெடந்தேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டியரிங் பக்கம் போனைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டேன். முற்றத்தின் கோடியில் பலகையும் தகரமும் அடித்த கொங்சி இருக்கிறது. அங்கே எட்டுப் பேர் மெத்தையோடு மெத்தை முட்டப் படுத்திருக்கிறோம். அதை மறைக்க நான் தைத்த உறையே போதுமானதாக இருந்தது. வண்டிகள் வந்து போயின. ஆறு மாதத்தில் நான் நாலு ரூம் மாறினேன், ஒன்றைவிட ஒன்று வசதி என்று எங்கள் தெருவே நம்பியது.

போன வாரம் அமுதாவின் தம்பி செல்வா அழைத்தான். ஊரில் எலெக்ட்ரிக் கடையில் வேலை, நல்ல முதலாளி.

"மச்சான், ஏஜெண்டுகிட்ட பேசிட்டேன். உங்க கம்பெனிதான். திங்கக்கெழம பாஸ்போர்ட்டக் குடுக்குறேன்."

"இருக்குற வேலையப் பாருடா."

"நீங்க மட்டும் சொகுசா இருக்கணும், நான் வரக் கூடாதாக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். புனிதா அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

"எங்க தாத்தாவும் இதத்தான் செஞ்சாரு தம்பி. தொரையோட மோட்டார் காடிக்குப் பக்கத்துல நின்னு படம் புடிச்சி ஊருக்கு அனுப்புனாராம். அதப் பாத்துட்டு அவரு தம்பியும் கப்பலேறி வந்துட்டாரு. ரெண்டு பேரும் திரும்பிப் போகவே இல்ல."

சனிக்கிழமை மதியம் வண்டிக்குள் உட்கார்ந்து செல்வாவை அழைத்தேன். முன்கதவுகளைத் திறந்துவிட்டு, "அக்கா, இழுங்க," என்றேன்.

"டெஸ்ட் முடியலையே. தவுக்கே பாத்தா மாரா பண்ணுவாரு!"

"கோவிச்சுக்கட்டும். இழுங்க."

உறை சரிந்தது. வெளிச்சம் முகத்தில் அறைந்தது. போனைத் திருப்பி ஸ்டியரிங்கைக் காட்டினேன், கண்ணாடி வழியே முற்றத்தைக் காட்டினேன், கொங்சியைக் காட்டினேன். "அதுதாண்டா என் ரூம். எட்டுப் பேரு. இது யாரோ ஒருத்தரு வண்டி. உங்க அக்காகிட்டயும் சொல்லிரு." வெட்கமாக இருந்தது, நெஞ்சு லேசாகவும் இருந்தது.

திரையைப் பார்த்தேன். செல்வா கொங்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்," என்றான் மெதுவாக. "இன்னொரு ஆளு படுக்க அதுல எடம் இருக்குமா?"

வெளியே புனிதா அக்கா உறையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, "மறுபடியும் மாட்டவா தம்பி?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு, முன்னால் ஸ்டியரிங், இரண்டும் என்னுடையதல்ல. சாவி தவுக்கேயின் மேசையில் இருந்தது. அதற்குள் இருக்கை சுட ஆரம்பித்துவிட்டது.