விளிம்பில் நின்றால் அழகு

மலேசியாவில் பூச்சோங் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குழி ஒன்று இப்போது ஏரி. கரை விளிம்பில் நின்று படமெடுத்தால் அழகு என்றது சுற்றுலாக் கையேடு. நம்பிப் போனேன்.

காவலுக்கு நின்றவர் ஒடிசலான மனிதர். சீருடை அவர்மேல் தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் படம் எடுத்துக் கொடுத்தார். ஏரி முழுதும் படத்தில் விழ, தானே புதருக்குள் பின்வாங்கிப் போவார். எனக்காகப் போனபோது முள் அவர் கையைக் கிழித்தது.

"அங்கிள், நான் பின்னால போறேன் லா."

"அசையாதம்மா!" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "ஒரு பொண்ணுகிட்ட கொஞ்சம் பின்னால போன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போச்சு. கரை சரிஞ்சிடுச்சு."

சில வருடங்கள் கழித்து வந்திருக்கும் கையேட்டின் புதிய பதிப்பும் அதே விளிம்பில்தான் நிற்கச் சொல்கிறது. இப்போது அங்கே படமெடுத்துக் கொடுப்பவர் யாரோ.