முகம் தெளிவாகத் தெரிந்த போன்

தமிழ்க் குரல் அரிதாகவே கேட்கும் கோந்த்வாவில், எங்கள் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் போன் கடையில்தான் அவரைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. இரண்டு கம்பெனிகளின் விலை உயர்ந்த போன்களைக் கடைக் கண்ணாடி வழியாக மாற்றி மாற்றி நீட்டி, ஜூம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தார். மற்றவர்கள் தெருப் பலகையைப் பார்த்துச் சோதிப்பார்கள். இவர் பார்த்தது எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி பால்கனி ஒன்றை. அங்கே என் பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இதுல மூஞ்சி கலங்குது. அதுல தெளிவா இருக்கு," என்று தமிழில் முணுமுணுத்தார்.

நான் அருகில் போனேன். "சார், யாரைப் பாக்கறீங்க?"

அவர் பதறவில்லை. "என் பொண்ணும்மா. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கப்புறம் எங்கிட்ட பேசறதில்ல. இப்படியாவது பாக்கலாமேன்னுதான்."

தெளிவாகத் தெரிந்த போனையே வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் அவளிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "வீட்டு நம்பரச் சொல்லிடலையே, அக்கா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவள் பால்கனி முழுவதையும் பச்சை வலை மூடியிருந்தது.

அவர் யார் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அப்பாவாகவே இருக்கலாம். அப்படி நினைக்கும்போதுதான் எனக்குப் பயம் கூடுகிறது.