டிராக்டரின் முதுகுக்கு இரண்டு விளக்கு

போன மாதம் ஒருநாள் விடியற்காலை, என் தங்கச்சி ரத்னா ஒற்றைச் செருப்போடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“இன்னொண்ணு எங்கம்மா?”

“ரொட்டவேட்டர் தின்னுடுச்சுணா. அண்ணி செருப்பக் குடு, கம்பெனி பஸ் வந்துடும்” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பசங்களா, ரொட்டவேட்டர் பார்த்திருக்கிறீர்களா? டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. வளைந்த கத்திகள் வரிசையாகச் சுற்றி மண்ணைப் பொடிப்பொடியாக்கும். கல்லையே தூக்கி எறியும். செருப்பு எம்மாத்திரம்? கால்... வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

ராத்திரியில் அதற்குப் பின்னால் இவளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு ஏக்கர் தக்காளித் தோட்டம். அவள் வீட்டுக்காரர் முனிராஜ் பகலெல்லாம் கம்பெனி வேன் ஓட்டுகிறார். ரத்னா, வண்டிகளுக்கு வயர் கட்டு தயாரிக்கும் ஃபேக்டரியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஆக, உழவு என்றால் ராத்திரிதான். அந்தப் பழைய டிராக்டருக்கு ஹெட்லைட் மட்டும் உண்டு. பின்னால் கும்மிருட்டு. பழைய சொட்டுநீர் டியூப் மண்ணுக்குள் கிடக்கும். கத்தியில் சுற்றிக்கொண்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். அதனால் இவள் செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி பின்னாலேயே நடப்பாள். டியூப் கண்ணில் பட்டால் “நிறுத்துங்க!” என்று கத்துவாள்.

முந்தின ராத்திரி தோட்டத்து மூலையில் வண்டி ரிவர்ஸ் வந்திருக்கிறது. இவள் கால் ஈர மண்ணில் மாட்டியிருக்கிறது. காலை உருவிக்கொண்டு பின்னால் குதித்திருக்கிறாள். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

“காலு இருக்குதில்லணா, வுடு.”

விடுவேனா? அண்ணன் அல்லவா! அன்றைக்கே என் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் ஓசூரில் லாரிகளுக்கு லைட் மாட்டும் கடைக்குப் போனேன். இரண்டு எல்.இ.டி. விளக்குகள் வாங்கினேன். டிராக்டரின் பானெட்டுக்கு மேலே கம்பி வைத்து இறுக்கினேன். வீட்டில் கிடந்த மெல்லிய வயரை நேராக பேட்டரியில் சுற்றி, கருப்பு டேப் ஒட்டினேன். வேலை முடிந்தது!

இருட்டியதும் ஆன் செய்தேன். அடேங்கப்பா! பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வரப்பில் வந்தார்.

“இன்னாப்பா, கல்யாண மண்டபம் கட்றீங்களா? என் மாடுங்க விடிஞ்சுடுச்சுன்னு எழுந்து நிக்குதுங்க!”

எனக்கு ஒரே பெருமை. முனிராஜ் வண்டியைக் கிளப்பினார். ரத்னா செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றாள்.

“அதான் லைட் போட்டாச்சே, நீ எதுக்கும்மா?”

“லைட்டு சூப்பருணா. ஆனா நான் நடக்கற எடம் இன்னும் இருட்டாத்தானே இருக்குது?”

வண்டியை நிறுத்தச் சொன்னேன். அன்றைக்கு உழவு இல்லை.

பைக் ஓட்டிப் பழகியவன் நான். விளக்கு என்றதும் கை தானாக முன்பக்கம் போய்விட்டது. தங்கச்சியின் காலுக்காக வாங்கியதை வண்டியின் மூஞ்சியில் மாட்டி வைத்திருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை ரத்னா ஸ்பேனரோடு டிராக்டர் பக்கம் வந்தாள். நான் மாட்டியதையெல்லாம் பார்த்தாள்.

“பேட்டரி நெகட்டிவ்வக் கழட்டாமயா வேல செஞ்ச? உன் கம்பெனில இப்டி செஞ்சா வுடுவாங்களா?”

விட மாட்டார்கள். கரண்டை நிறுத்திவிட்டு வேலை செய் என்ற போர்டு என் மெஷினுக்கு நேர் எதிரேதான் தொங்குகிறது. தினமும் பார்க்கிறேன். கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடுகிறேன்... நீங்கள் பள்ளிக்கூடப் பாடத்தை மறப்பது போல.

“இது என்னா வயரு, ஹெட்போன்ல இருந்து உருவுனியா? சூடாயி எரிஞ்சிருக்கும்ணா.”

தடித்த வயர் போட்டாள். ஃப்யூஸ், ரிலே, சீட்டுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச். சூடு படாமல் வயரை சைலன்சரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனாள். தகரத்தில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினாள். ஒவ்வொரு இணைப்பையும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள்.

“இழுத்துப் பாக்காம எங்க ஃபேக்டரி லைன்ல எதுவும் தாண்டாதுணா.”

பானெட்டுக்கு அடியில் நான் டார்ச் பிடித்தேன். வேறென்ன செய்வது?

விளக்குகள் இரண்டும் பின் சக்கர மட்கார்டுகளில், பின்னோக்கி, தரையைப் பார்த்து உட்கார்ந்தன. இருட்டியதும் ரத்னா ரொட்டவேட்டருக்குப் பின்னால் தான் வழக்கமாக நடக்கும் இடத்தில் போய் நின்றாள். இன்ஜின் ஓடவில்லை, பயப்படாதீர்கள்.

“ரைட்டு லைட்ட இன்னும் கொஞ்சம் எறக்கு... இன்னும்... ஆங், அங்கதான்.”

வெளிச்சம் அவள் பாதத்தின் மேல் விழுந்தது. புதுச் செருப்பு பளபளத்தது. முனிராஜ் சீட்டில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். “எறும்பு போனாக்கூட தெரியுது” என்றார்.

ரத்னா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒம்போது வருசமா டேப் சுத்தி அனுப்பறேன். யார் வண்டிலயோ, எந்த ஊர்லயோ எரியும். நான் கட்டுன வயர்ல லைட் எரியறத இன்னிக்குத்தான்ணா பாக்கறேன்.”

இவள் வேலையை, “வயருக்கு டேப் ஒட்டுறா” என்று ஒரே வரியில் நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன், பசங்களா. யாருக்காவது உதவி செய்யக் கிளம்பினால், முதலில் அவர்கள் நிற்கிற இடத்தில் ஒரு நிமிடம் போய் நின்று பாருங்கள். நான் நிற்காமல் விட்டதில் இரண்டு நாள் வீண்.

மறுநாள் ராத்திரி உழவு. மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். முனிராஜ் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை... வண்டியை அவரே நிறுத்தினார். இன்ஜினை அணைத்து, இறங்கி, மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த டியூப்பை உருவி வரப்பில் எறிந்தார்.

“ரத்னா எங்க மாப்ள?”

“தூங்கிட்டா மச்சான். காலைல அஞ்சேகாலுக்கு பஸ்சு.”

தோட்டம் முழுக்க வெளிச்சம். அந்த ஓரத்தில் அவர்கள் வீடு மட்டும் நிம்மதியாக இருட்டிக் கிடந்தது.